ஒரே முறை சுருக்குவோம்

ஆண்டுதோறும் பட்டம் பெற்றுப் பிரிகிறோம்; எஞ்சுவது பொங்கல் நாடகப் படம் ஒன்றே. அதைப் புளூரே தட்டில் பதிக்க முனைவோர்க்கு ஒரு விண்ணப்பம். கைப்பேசிகளில் சுற்றி வந்த படத்தை மீண்டும் சுருக்காதீர்கள். ஒவ்வொரு சுருக்கமும் நுண்மையைத் தின்னும், தின்றது மீளாது. காமிராவின் மூலப் பதிவையே தொகுத்து, இறுதியில் ஒரே முறை சுருக்குங்கள். கணக்கு எளிது. ஒற்றை அடுக்குத் தட்டின் கொள்ளளவு 25 கிகாபைட். நொடிக்கு 25 மெகாபிட் வீதம் 2 மணி நேரப் படத்திற்கு 22.5 கிகாபைட் ஆகும். மிச்சம் ஒலிக்குப் போதும். நாடகம் நீண்டால் 50 கிகாபைட் தட்டு வாங்குவோம். சிக்கனம் கருதி முகங்களை மங்கவிட வேண்டா. தட்டு கிடைத்ததென்று மூலத்தை அழிப்பதோ, விதைநெல்லைக் குத்தித் தின்பதற்கு ஒப்பாகும்!