மாப்பிள்ளைக்கு விசா இருக்கிறது, மணமகளுக்கு?

எல்லை கடந்த சம்பந்தம் மத்திகிரி மக்களுக்குப் புதிதல்ல. ஜூஜூவாடியோடு தமிழ்நாடு முடிகிறது; அத்திப்பள்ளியில் கர்நாடகம் தொடங்கிவிடுகிறது. ஓசூர்ப் பெண் பெங்களூரில் வாழ்க்கைப்படுவதும், ஆனேக்கல் பெண் மத்திகிரிக்கு மருமகளாக வருவதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் காரியம். மணமகளை ஏற்றிச் செல்லும் வண்டியை எல்லையில் நிறுத்தி, "உன் கணவனுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு? உங்கள் திருமணம் உண்மையானதுதானா?" என்று கேட்பவர் எவரும் இல்லை.

இந்தப் பழக்கத்திலேயே நாம் கடல் கடந்த சம்பந்தத்தையும் பேசி முடித்துவிடுகிறோம். வேதனை அங்கேதான் தொடங்குகிறது!

பெண் பேசும் வீட்டில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். "மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார்" என்றதும் சபை நிமிர்ந்து உட்கார்கிறது. நகை எத்தனை பவுன், மண்டபம் ஓசூரிலா பெங்களூரிலா, விருந்துக்கு எத்தனை பேர் என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். "மாப்பிள்ளை எந்த விசாவில் இருக்கிறார்? அந்த விசாவில் மனைவியை அழைத்துக்கொள்ள அனுமதி உண்டா?" என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. கேட்டால் சம்பந்தம் தவறிவிடுமோ என்று பெண்ணைப் பெற்றவர் அஞ்சுகிறார். மாப்பிள்ளை வீட்டாரும் தாமாகச் சொல்வதில்லை. நிக்காஹ் முடிந்து நாற்பது நாள் விடுப்பும் தீர்ந்து மாப்பிள்ளை விமானம் ஏறிய பிறகுதான் உண்மை தெரியவருகிறது.

அந்த உண்மை என்ன? வெளிநாட்டில் வேலை பார்க்கும் எல்லோரும் மனைவியை அழைத்துக்கொள்ள முடியாது என்பதுதான்.

ஐக்கிய அரபு அமீரகத்தையே எடுத்துக்கொள்வோம். மனைவிக்குப் பொறுப்பேற்று அழைக்க வேண்டுமானால் கணவனுக்கு மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் இருக்க வேண்டும். அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். முகாமில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு இது எட்டாக்கனி. சவுதி அரேபியா 2017 ஜூலையில் குடும்பத்தாருக்கான கட்டணம் ஒன்றைக் கொண்டுவந்தது. தலைக்கு மாதம் 100 ரியாலில் தொடங்கி, ஆண்டுக்கு நூறு நூறாக ஏற்றி, 2020ல் 400 ரியாலாக்கியது. மனைவியும் இரு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால்! கட்ட முடியாமல் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக நின்றவர்கள் ஏராளம்.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவே முடியாது. எஸ் பாஸ் அல்லது அதற்கு மேலான அனுமதி வேண்டும். அதிலும் மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. இளைஞர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற பெண்ணையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால், அந்நாட்டு மனிதவள அமைச்சின் அனுமதியை முன்னதாகப் பெற வேண்டும். சிங்கப்பூரில் நடந்தாலும் நம் ஊரில் நடந்தாலும் விதி ஒன்றே. "மார்க்கப்படி நிக்காஹ்தானே முடித்தோம்" என்ற பதில் அங்கே செல்லாது.

மேலை நாடுகளிலும் வாசல் அகலமாகத் திறந்திருக்கவில்லை. பிரிட்டனில் வெளிநாட்டுத் துணையை அழைப்பவருக்கு ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு வேண்டும் என்று 2012ல் விதித்தார்கள். 2024 ஏப்ரலில் அதை 29,000 பவுண்டாக உயர்த்தினார்கள். அங்கே செல்லும் துணைக்கு ஆங்கிலத் தேர்வும் உண்டு. அமெரிக்காவிலோ, மணமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் நுழையும் துணைக்குக் கிடைப்பது நிபந்தனையோடு கூடிய இரண்டாண்டு வசிப்புரிமைதான். திருமணம் உண்மையானது என்று மீண்டும் நிரூபித்த பிறகே நிபந்தனை நீங்கும்.

தொலைபேசியிலும் காணொளியிலும் நிக்காஹ் நடத்துவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணமக்கள் இருவரும் ஒரே இடத்தில் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் அப்படியே ஏற்பதில்லை. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து இல்லறம் நடத்தியிருந்தால்தான் கணவன் மனைவி என்று ஒப்புக்கொள்கிறது. விடுப்பு கிடைக்காத மாப்பிள்ளைக்காக அவசரப்பட்டு நடத்தும் நிக்காஹ், விசா அலுவலகத்தில் பெண்ணுக்கே பாதகமாக முடியலாம்.

இத்தனை விதிகளுக்கும் பின்னால் இருப்பது சந்தேகம். ஏழை நாட்டிலிருந்து வருபவர் எல்லோரும் திருமணத்தைச் சாக்காக வைத்துக் குடியேறவே வருகிறார்கள் என்ற எண்ணம். 1979ல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், தனக்கு நிச்சயிக்கப்பட்டவரை மணக்கச் சென்ற ஓர் இந்தியப் பெண்ணை அதிகாரிகள் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். செய்தி வெளியானபோது நாடே கொதித்தது. "எங்கள் திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அல்ல" என்று மணமக்களே நிரூபிக்க வேண்டும் என்றொரு விதியும் பிரிட்டனில் 1997 வரை இருந்தது. எத்தனையோ தம்பதியரைப் பிரித்து வைத்த விதி அது. இந்த அநீதியைக் கண்டிக்க நாம் தயங்க வேண்டியதில்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு போலித் திருமணம் நடத்திவைக்கும் தரகர்கள் இந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒருவன் செய்யும் பொய்யான திருமணத்துக்கு ஒன்பது உண்மையான மணமகள்கள் வரிசையில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரசுகள் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2025 ஏப்ரலில் கண்டோம். பஹல்காம் படுகொலையைத் தொடர்ந்து பாகிஸ்தானியரின் விசாக்கள் ரத்தாயின. அட்டாரி எல்லை மூடப்பட்டது. ஒரு நாட்டுக் கடவுச்சீட்டோடு இன்னொரு நாட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் எல்லைக் கதவருகே அழுது நின்ற காட்சியைப் பத்திரிகைகளில் பார்த்தோம். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பாலகன் யாரிடம் என்று தெரியாத நிலை! நீண்டகால விசா முறையாகப் பெற்றிருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ஒரு காகிதம் இருந்ததா இல்லையா என்பதே குடும்பம் சேர்ந்திருப்பதா பிரிவதா என்பதைத் தீர்மானித்தது.

வெளிநாட்டுப் பெண்ணை மணந்து இங்கே அழைத்துவர நினைக்கும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அயல்நாட்டுத் துணைக்கு ஓ.சி.ஐ. அட்டை வேண்டுமானால், பதிவு செய்யப்பட்ட திருமணம் தொடர்ந்து இரண்டு ஆண்டு நீடித்திருக்க வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களுக்கு அந்த அட்டை கிடையாது. இந்தியக் குடியுரிமை கோர ஏழாண்டுக் காலம் இங்கே வசித்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் படி திருமணப் பதிவே.

பதிவு என்றதும் நம்மில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "வலீ இருக்கிறார், சாட்சிகள் இருக்கிறார்கள், மஹர் இருக்கிறது, ஜமாஅத் தப்தரில் கையெழுத்தும் ஆகிவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள். நிக்காஹ் நிறைவேற வேறெதுவும் வேண்டாம், உண்மை. ஆனால் விசா அதிகாரி நம் தப்தரைப் படிப்பதில்லை. அவர் கேட்பது அரசு முத்திரையிட்ட சான்றிதழ். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதி வைக்கத் தயங்கலாமா?

எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2006ல் கூறியது. தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 2009 நவம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணம் செலுத்தி 150 நாட்கள் வரை பதியலாம். மாப்பிள்ளை ஊரில் இருக்கும் நாட்களிலேயே இதை முடித்துவிட வேண்டும்.

இங்கே மத்திகிரிக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெண் மத்திகிரியாக இருந்தாலும் நிக்காஹ் பெங்களூர் மண்டபத்தில் நடந்தால், பதிவு கர்நாடகச் சட்டப்படி அங்கேதான். வெளிநாட்டுக்கு அனுப்பும் சான்றிதழில் அதைக் கொடுத்த மாநிலத்தின் சான்றொப்பம் வேண்டும்; பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை; நாட்டைப் பொறுத்துத் தூதரக முத்திரையும் வேண்டும். பெங்களூரில் பதிந்துவிட்டுச் சென்னையில் சான்றொப்பம் கேட்டு அலைவது வீண். கர்நாடகத்தில் வக்ஃப் வாரியமே முஸ்லிம்களுக்குத் திருமணச் சான்றிதழ் வழங்கலாம் என்று 2023ல் அம்மாநில அரசு ஆணையிட்டது. 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆகவே எந்த அலுவலகச் சான்று செல்லும் என்று கேட்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். முஹம்மது என்ற ஒரே திருப்பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். ஆதாரில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று, நிக்காஹ் தப்தரில் இன்னொன்று! இனிஷியல் முன்னே வருவதும் பின்னே வருவதும் வேறு. நமக்கு இது சின்ன விஷயம். விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவருக்கோ இருவேறு ஆட்கள்.

விசாவின் பெயரால் நடக்கும் இன்னொரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். "மாப்பிள்ளை வெளிநாடு போக விசாவுக்குப் பணம் கொடுங்கள்" என்று பெண் வீட்டாரிடம் கேட்பது வரதட்சணை அல்லாமல் வேறென்ன? மஹர் கொடுத்து மணக்க வேண்டியவன் பெண்ணின் தகப்பனுடைய பணத்தில் விசா வாங்குகிறான். அந்த விசாவிலோ அவளுக்கு இடமில்லை! 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தில் இது குற்றம். அதற்கு முன்பே அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிய குற்றம்.

விசாரிக்காமல் கொடுப்பதன் உச்சக்கட்டத்தை 1991ல் ஹைதராபாத் காட்டியது. பத்து வயதுச் சிறுமியை மணந்து அழைத்துச் சென்ற சவுதி முதியவரை, விமானத்தில் அவள் அழுவதைக் கண்ட பணிப்பெண் காட்டிக்கொடுத்தார். பெற்றவர் கேட்காத கேள்வியை, ஊர் கேட்காத கேள்வியை, முன்பின் அறியாத ஒரு பெண் கேட்டார்.

ஆகவே நமது வேண்டுகோள் இது. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு நிக்காஹ் எழுதும் ஒவ்வொரு ஜமாஅத்தும் கடவுச்சீட்டு, விசா அல்லது இகாமா நகலை முன்னதாகப் பெறட்டும். அந்த விசாவில் மனைவிக்கு இடம் உண்டா, இல்லையென்றால் ஆண்டுக்கு எத்தனை நாள் விடுப்பு என்பதைப் பெண்ணுக்கும் அவள் வலீக்கும் தெளிவாகச் சொல்லட்டும். முன்பு மணமானவரா என்று அவருடைய சொந்த ஊர் ஜமாஅத்திடம் கடிதம் கேட்கட்டும். தெரிந்துகொண்ட பின் அந்தப் பெண் சம்மதித்தால் அது அவள் முடிவு. மறைத்து வாங்கும் சம்மதம் சம்மதமாகாது. சான்றிதழ்களின் நகல் ஒன்று எப்போதும் அவள் கையிலேயே இருக்கட்டும்.

வணிகப் பெருமக்களே! கடனுக்குச் சரக்கு கொடுக்கும் முன் கடைக்காரரின் நாணயத்தை நாலு இடத்தில் விசாரிக்கிறீர்கள். ஜமாஅத் நிர்வாகத்தில் இருப்பவர்களும் பெரும்பாலும் நீங்கள்தான். படித்த இரண்டு இளைஞர்களை அமர்த்தி, ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் பதிவு, சான்றொப்பம், விண்ணப்பம் ஆகியவற்றுக்கு வழிகாட்டச் செய்ய உங்களால் முடியும். தரகருக்குப் போகும் பணம் மிச்சமாகும், ஏமாற்றமும் குறையும்.

அரசுக்கும் ஒரு சொல். வெளிநாடுவாழ் இந்தியரின் திருமணங்களை 30 நாட்களுக்குள் பதியச் சொல்லும் மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவைக்கு வந்தது; ஆண்டுகள் கடந்தும் சட்டமாகவில்லை. கைவிடப்பட்ட மனைவியர் முறையிடத் தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அது டெல்லியில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவளோ மத்திகிரியில் இருக்கிறாள். மாவட்ட அளவில் அத்தகைய உதவி கிடைக்கச் செய்வது அரசின் கடமை.

இளைஞர்களே! பயணம் போவது குற்றமல்ல. பிரிந்திருந்து உழைத்துக் குடும்பத்தைக் கரையேற்றிய சபுராளிகள் நமக்குப் பெருமையே. ஆனால் உங்கள் நிலை இன்னதென்று மணக்கப்போகிறவளிடம் மறைக்காதீர்கள். பெண்ணைப் பெற்றவர்களே! மஹரைப் பேசுமுன் விசாவைப் பேசுங்கள். கேட்டதால் தவறிப்போகும் சம்பந்தம் தவறட்டும். கேட்காததால் தவறிப்போகும் வாழ்க்கையை யார் மீட்டுத் தருவது?

சமுதாயம் சிந்திக்கட்டும்!