'அவரால் முடியாது' என்ற தொடரும் சக்கர நாற்காலி கர்லிங்கும்

தமிழில் 'அவரால் முடியாது' என்கிறோம். நான் வாழும் நஞ்சன்கூட்டின் கடைத்தெருவில் அதையே கன்னடத்தில் 'அவரிந்த ஆகுவுதில்ல' என்பார்கள். இரு மொழிகளிலும் இயலாமை வேற்றுமை உருபின் வழியாக ஆளின்மீது ஏற்றப்படுகிறது. 'அவரால் படியேற முடியாது' என்னும்போது, படியின் உயரம் என்ன, அதைக் கட்டியவர் யார், பக்கத்தில் ஏன் சாய்தளம் இல்லை என்ற கேள்விகள் தொடருக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இதற்காக மொழியைக் குறை கூற வேண்டியதில்லை. 'இந்தப் படி அவரை ஏற விடாது' என்று சொல்லவும் இலக்கணம் இடம் தருகிறது. ஆனால் நம் கல்வி நிலையங்கள், விளையாட்டைப் பொறுத்தவரை, முதல் தொடருக்குள்ளேயே நின்று சிந்திக்கின்றன. அப்படிச் சிந்திக்கத் தேவையில்லை என்பதற்கு ஒரு பனித்தள விளையாட்டின் விதிநூல் நல்ல சான்று.

கர்லிங் ஆட்டத்தில் ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள வழவழப்பான கருங்கல்லைப் பனித்தளத்தில் சறுக்கவிட்டு, எதிர்முனையில் வரையப்பட்ட வட்டத்தின் மையத்துக்கு அருகே நிறுத்த வேண்டும். வழக்கமான ஆட்டத்தில் வீரர் தளத்தில் சறுக்கிச் சென்று கல்லை விடுவார். உடன் ஆடுபவர்கள் அதன் முன்னால் துடைப்பத்தால் பனியைத் தேய்த்து, கல் இன்னும் சில மீட்டர் செல்லவோ நேராகப் போகவோ செய்வார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி இவ்விரண்டையும் செய்வது கடினம். ஆகவே விதிகள் மாற்றி எழுதப்பட்டன. நாற்காலி அசையாமல் நிற்க, கையாலோ ஒரு நீண்ட கோலாலோ கல்லைச் செலுத்தலாம். பனியைத் தேய்ப்பது இரு அணிகளுக்கும் தடைசெய்யப்பட்டது.

இதைச் 'சலுகை' என்று சொல்பவர்கள் ஆட்டத்தை ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டும். தேய்த்தல் இல்லாததால், கையை விட்டுப் போன கல்லைத் திருத்த வழியே கிடையாது. விசை சற்றுக் குறைந்தால் கல் வட்டத்துக்கு முன்பே நின்றுவிடும், சற்று மிகுந்தால் வட்டத்தைக் கடந்து போய்விடும். வழக்கமான ஆட்டத்தில் மூவர் பகிர்ந்துகொள்ளும் பிழை இங்கே ஒருவர் தோளில் முழுதாக விழுகிறது. விதி மாறியதால் ஆட்டம் எளிதாகவில்லை. கடினம் இருக்க வேண்டிய இடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே.

இன்னொரு செய்தியும் உண்டு. ஒருவர் கல்லைச் செலுத்தும்போது அவருடைய நாற்காலி பின்னோக்கி நகராதிருக்க, உடன் ஆடுபவர் பின்னால் தம் நாற்காலியை நிறுத்தி அதைப் பிடித்துக்கொள்கிறார். நால்வர் அணியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே களத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதி. நம் இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமைக்கு 'ஆல்' மட்டும் உருபன்று, உடனிகழ்ச்சிப் பொருளில் வரும் 'ஓடு'வும் அதற்கே உரியது. 'அவரால் முடியுமா' என்று கேட்கும் நாம் 'யாரோடு, எதனோடு முடியும்' என்றும் கேட்டாக வேண்டும்.

இவ்விளையாட்டின் முதல் உலகப்போட்டி 2002-இல் சுவிட்சர்லாந்தில் நடந்தது. 2006-இல் டூரின் குளிர்காலப் பாராலிம்பிக்கில் இது சேர்க்கப்பட்டது. 2006, 2010, 2014 ஆகிய மூன்று முறையும் கனடாவுக்கே தங்கம். 2018-இல் பியோங்சாங்கில் சீனா வென்றது. 2002 முதல் குளிர்காலப் பாராலிம்பிக்கில் பங்கேற்றுவந்த சீனாவுக்கு அப்போட்டிகளில் கிடைத்த முதல் பதக்கமே அதுதான். அடுத்து 2022-இல் பெய்ஜிங்கில் அதே பிரிவில் மீண்டும் தங்கம் பெற்றது, மொத்தம் 61 பதக்கங்களோடு பட்டியலின் தலைப்பிலும் நின்றது. அந்தப் பெய்ஜிங் போட்டி வரை எந்தக் குளிர்காலப் பாராலிம்பிக்கிலும் இந்தியா பங்கேற்றதில்லை.

'மைசூர்ப் பக்கம் பனி ஏது?' என்று நண்பர்கள் சிரிக்கலாம். கோடைக்காலப் போட்டிகளில் நாம் முன்னேறியிருப்பதையும் சுட்டிக்காட்டலாம். உண்மைதான். 2016 ரியோவில் 4 பதக்கங்கள், 2024 பாரிசில் 29. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிலிருந்து சென்ற மாரியப்பன் தங்கவேலு தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்றிருக்கிறார். ஆனால் பதக்கங்களில் பெரும்பாலானவை தனிநபர் போட்டிகளில் வந்தவை. தனி ஒருவர் தம் பிடிவாதத்தாலும் ஒரு பயிற்சியாளரின் அக்கறையாலும் எழுந்துவிட முடியும். சக்கர நாற்காலியில் வரும் நால்வர், வாரத்துக்கு மூன்று நாள், ஒரே இடத்தில் கூடிப் பயில வேண்டுமென்றால் பேருந்து வேண்டும், சாய்தளம் வேண்டும், அகலமான கதவுள்ள கழிப்பறை வேண்டும். பரிசுத்தொகை வென்ற பிறகு வருவது. இவையோ முதல் நாளே தேவைப்படுபவை. குழு விளையாட்டுதான் ஓர் ஊரின் உண்மையான நிலையைக் காட்டிக்கொடுக்கிறது. பனி ஒரு தடையே அன்று. உருளைகள் பொருத்திய கற்களைக் கொண்டு கூடத்தின் சாதாரணத் தரையில் ஆடும் கர்லிங் வடிவம் பிரிட்டனில் உருவாகி வழக்கில் உள்ளது. பந்தை உருட்டி ஆடும் போச்சியாவுக்கும் சமதளமான ஒரு கூடம் போதும்.

நஞ்சன்கூட்டு இறைவனை 'ஹக்கீம் நஞ்சுண்டன்' என்றும் அழைப்பார்கள். திப்பு சுல்தானின் யானைக்கு இங்கு வேண்டிக்கொண்டதால் பார்வை மீண்டது என்றும், அதனால் அவர் இறைவனை மருத்துவனாகப் போற்றினார் என்றும் மரபு கூறுகிறது. நோய் தீர வேண்டிக் கபிலை ஆற்றில் மூழ்கி எழுவோரின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் குணமாகட்டும் என்று காத்திருப்பது பக்தருக்குரிய நிலை. அரசும் பல்கலைக்கழகமும் அந்நிலையை எடுத்துக்கொள்ள முடியாது. உடல் மாறும் வரை அவர்கள் காத்திருக்கலாகாது, கட்டடத்தையும் விதியையும் மாற்றுவதே அவர்கள் கடமை.

இது என் விருப்பம் மட்டுமன்று, சட்டமும் கூட. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 30-ஆம் பிரிவு, விளையாட்டுத் திட்டங்களை மறுசீரமைக்கவும் உள்கட்டமைப்பை மறுவடிவமைக்கவும் நிதி ஒதுக்கவும் கட்டளையிடுகிறது. 32-ஆம் பிரிவு உயர்கல்வியில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்குகிறது. 32-ஆம் பிரிவை நாம் சேர்க்கைப் படிவத்தில் காண்கிறோம். 30-ஆம் பிரிவை எந்த மைதானத்தில் காண்கிறோம்? வகுப்பறை வரை வந்துவிட்ட மாணவர், மாலை நான்கு மணிக்கு விளையாட்டு நேரம் தொடங்கியதும் நூலகத்துக்கு அனுப்பப்படுகிறார். அதற்கும் 'அவரால் முடியாது' என்றே காரணம் சொல்லப்படுகிறது.

இதை வாசிக்கும் ஆசிரியர்களிடமும் ஆய்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பல்கலைக்கழக உடற்கல்வித் துறையிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: சக்கர நாற்காலியில் வரும் மாணவர் இந்த ஆண்டு இங்கே எந்த விளையாட்டை, யாரோடு, எந்தக் கூடத்தில் ஆட முடியும்? வரும் விடையை இங்கே பதியுங்கள். விடை 'எதுவுமில்லை' என்றால் அதையும் பதியுங்கள்.