மழையில் விரிந்த தோட்டம்



மெய்நிகர்க் காட்சி எனப்படும் புதுக்கலையைப் பற்றி நம்மிற் பலர் கேள்விப்பட்டிருப்போம். கண்களை முற்றும் மூடும் கருவியொன்றைத் தலையில் மாட்டிக்கொண்டால், இருந்த இடம் மறைந்து வேறோர் உலகம் நம்மைச் சூழ்கின்றது. விளையாட்டுக்கே பெரிதும் பயன்பட்டுவரும் இக்கருவிக்கென 2016ஆம் ஆண்டில் ஓர் ஆவணப்படம் வெளிவந்தது. ‘நோட்ஸ் ஆன் பிளைண்ட்னஸ்: இன்டு டார்க்னஸ்’ என்பது அதன் பெயர். காண்பதற்கென்றே அமைந்த கருவியில் காணாமையைக் காட்டுவதா என்று நகைக்கத் தோன்றும்.

அதில் ஒலிப்பது ஜான் ஹல் என்பவரின் குரல். ஆஸ்திரேலியாவில் மெதடிஸ்த போதகர் ஒருவரின் மகனாக 1935இல் பிறந்த அவர், இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வி பயிற்றுவித்தவர். இளமை முதல் கண்நோயோடு போராடி, பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின், நடுவயதில் பார்வையை முற்றும் இழந்தார். 1983 முதல் ஏறத்தாழ மூன்றாண்டுகள் தம் உள்ளத்தில் நிகழ்ந்ததையெல்லாம் ஒலிநாடாவில் பேசிப் பதிந்தார். மனைவி மக்களின் முகங்கள் நினைவிலிருந்து மங்குவதைக்கூட அவர் மறைக்கவில்லை.

அக்குரலைக் கேட்டவாறே பூங்கா இருக்கையொன்றில் நாம் அமர்கின்றோம். எங்கும் இருள். காலடியோசை கேட்கும்போது நீலப் புள்ளிகளாய் ஒரு மனிதர் தோன்றுகின்றார். ஓசை நின்றால் அவரும் இல்லை. ஒலியெழுப்பாத எதுவும் அங்கே இல்லாததே. ஆனால் மழை வந்துவிட்டாலோ! கூரை, செடி, புல்தரை, நடைபாதை ஒவ்வொன்றும் தனித்தனி ஓசை எழுப்ப, தோட்டம் முழுவதும் ஒருசேர விரியக் கண்டார் ஹல். வீட்டு அறைக்குள்ளும் மழை பெய்யலாகாதா என்று ஏங்கினார்.

கண்ணைக் கட்டிக்கொண்டு சிறிது நேரம் தடுமாறிப் பார்ப்போர், பார்வையற்றோரின் திறமையை முன்னிலும் தாழ்வாக மதிப்பிடத் தலைப்படுகின்றனர் என்று 2015இல் வெளியான அமெரிக்க உளவியல் ஆய்வொன்று காட்டியது. வியப்பில்லை. அவர்கள் அறிந்தது முதல் நாளின் திகிலை மட்டுமே. ஆண்டுக்கணக்கில் கற்றுத் தேர்ந்த வாழ்வை அன்று. ஹல்லின் நாடாக்களில் இரண்டும் உள்ளன. ஆயினும், சில நிமிடங்களில் கருவியைக் கழற்றிவிட்டு, ‘அவர்கள் துன்பம் எனக்குத் தெரியும்’ என்று எவரும் புறப்பட வேண்டா.

பிரசங்க மேடையிலும் குருடு எனில் பாவம், அறியாமை என்றே பேசுவது வழக்கமாகிவிட்டது. கைத்தடியோடு முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் அதனை எங்ஙனம் கேட்பார்? ஹல் இவ்வினாவைத் திருமறையிடமே எழுப்பினார். பரிசேயரைக் கடிந்துரைக்கையில் ஆண்டவர் ‘குருடர்’ என்னும் சொல்லை வழங்கியது தம்மை வருத்தியதாக, 2001இல் வெளிவந்த நூலில் மனந்திறந்து எழுதினார். துணிச்சல் மிகுதி என்பார் இருக்கலாம். சங்கீத ஆசிரியர் இதனினும் கடுமையாக முறையிட்டதில்லையா? இத்தனைக்கும் அவர் விசுவாசத்தை விட்டு விலகியவர் அல்லர். 2015இல் மறைந்த அவர், தம் வாழ்வின் பிற்பகுதியில், திருப்பணிக்கு ஆயத்தமாவோர் பயிலும் குவீன்ஸ் இறையியற் கல்லூரியில் கற்பித்துவந்தார்.