அறிவியல் கற்பிக்கும் படிப்பு யாருக்கு?

குமாரபாளையத்தில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. காவிரிக்கு அக்கரையில் பவானி. இக்கரையில் தறிக்கூடங்கள், நூலுக்கு நிறமேற்றும் சாயப்பட்டறைகள். பட்டறையில் கூலிக்கு நிற்கிறவரின் பிள்ளைக்கு, உப்பு சேர்த்தால்தான் சாயம் நூலில் நன்றாக ஏறும் என்பது வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துவிடும். அதே பிள்ளை பள்ளியில் அமிலம், காரம், உப்பு பாடத்தில் தடுமாறுகிறது. உடனே "இதுங்க மண்டையில ஏறாது" என்று ஒரு குரல் வரும். யார் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து அந்தக் குரல் எழும்புகிறது என்பதைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மண்டையில் ஏறுமா ஏறாதா என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் 1974இல் தொடங்கப்பட்டது ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். அதன் முதல் இயக்குநர் வி.ஜி. குல்கர்னியும் சக ஆய்வாளர்களும் 1980களில், மாநகராட்சிப் பள்ளிகளில் படித்த பட்டியல் சாதி மாணவர்களோடு வேலை செய்தார்கள். பாடநூலின் மொழிதான் பெரிய முட்டுக்கட்டை என்று கண்டார்கள். அந்த மொழியை எளிமையாக்கி, முறையாகக் கற்பித்தபோது மாணவர்கள் தேர்வில் தெளிவாக முன்னேறினார்கள். கோளாறு பாடநூலிலும் கற்பிக்கும் முறையிலும் இருந்தது.

இந்தக் கோளாறைக் கண்டறிந்து சரிசெய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது: அறிவியல் கல்வி. மாணவர் எந்த இடத்தில் எதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார், ஏன், எந்தச் செய்முறை அதை உடைக்கும் என்று ஆராயும் துறை. அதில் முனைவர் பட்டம் தருகிற, நாட்டில் மிக முக்கியமான இடம் அதே ஹோமி பாபா மையம்தான்.

இனித்தான் வேடிக்கை. ஒன்றியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு தந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், சில நிறுவனங்களுக்கு விலக்கு அளித்துப் பட்டியல் போட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அதில் உண்டு. ஆசிரியர் பணியிடங்களுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே விலக்கு. பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு அறிவியல் வரும் என்று மெய்ப்பித்த மையம், அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆய்வாளராக வந்தால் இடம் ஒதுக்கச் சட்டப்படி கடமைப்படாத நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. 'உயர் சிறப்பு' என்கிற பெயரில் கட்டிய அக்கிரகாரம் இது.

விலக்கை நீக்கப் போராட வேண்டும். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கொங்குப் பகுதி அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் அருந்ததியர் சமூகத்து ஆசிரியை ஒருவர், குடும்பத்தை விட்டு ஐந்தாறு ஆண்டுகள் மும்பையில் தங்கி ஆங்கிலத்தில் ஆய்வு செய்வது எத்தனை பேருக்குக் கைகூடும்? இங்கே கிடைப்பது பி.எட்., எம்.எட். பி.எட்.டில் அறிவியல் கற்பித்தல் ஒரு பகுதி, எம்.எட். பொதுவான கல்வியியல். பல தனியார் கல்லூரிகளில் வகுப்புக்கு வராமலே பட்டம் வாங்கும் கதையும் ஊரறிந்தது.

தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் வானவில் மன்றத்தைத் தொடங்கியது. 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிய பரிசோதனைகளைக் கொண்டுபோகும் நல்ல திட்டம். இருசக்கர வண்டியில் கருவிப்பெட்டியோடு பள்ளி பள்ளியாகப் போகும் கருத்தாளர்கள் அன்றாடம் வகுப்பறையில் பார்ப்பதுதான் இந்தத் துறையின் மூலப்பொருள். அதை எழுதி, விவாதித்து, அறிவாக்க அவர்களுக்கு ஒரு படிப்பு வேண்டாமா?

69 விழுக்காடு இடஒதுக்கீடு செல்லும் மாநிலப் பல்கலைக்கழகங்களில், தமிழில், மாலை நேரமாகவோ வார இறுதியிலோ நடக்கும் அறிவியல் கல்வி முதுகலை கேட்கிறோம். பணியிலிருக்கும் ஆசிரியருக்குச் சம்பளத்தோடு விடுப்பு. கருத்தாளருக்கும் அறிவியல் பரப்புரை செய்யும் இளைஞருக்கும் உதவித்தொகை. 1997இல் பெரியார் பெயரில் சேலத்தில் தொடங்கிய பல்கலைக்கழகம் குமாரபாளையத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். அங்கே தொடங்கலாம். சாயப்பட்டறைத் தண்ணீர் கலக்கும் காவிரியை வைத்து எட்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துவது எப்படி என்பதே முதல் ஆய்வேடாக இருக்கட்டும். அதை எழுதப் பட்டறைத் தொழிலாளியின் மகளைவிடத் தகுதியானவர் யார்?