சர்வருக்கு அப்டேட்: எப்போது போடலாம்?

தருமபுரி மாவட்டத்தின் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளில் அரவைப் பருவத்தின் நடுவே யாரும் இயந்திரத்தைப் பிரித்துப் போட மாட்டார்கள். பழுது பார்ப்பதும் ஓட்டிப் பார்ப்பதும் பருவத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அதே ஊர்களில் மருத்துவமனை, நிதி அலுவலகம், பள்ளி என்று மூலையில் ஓடும் சர்வர்கள் பலவற்றுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. அப்டேட் வந்ததும் அழுத்திவிடுவார்கள். அல்லது ‘நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள்.

இரண்டுமே ஆபத்து என்பதை 2024 ஜூலை காட்டியது.

ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கான ஒரு சிறு அப்டேட்டை உலகம் முழுக்க ஒரே வீச்சில் அனுப்பியது. அதில் பிழை. 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றும், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அதே மாத இறுதியில், சி-எட்ஜ் என்ற நிறுவனத்தின் மீது ரான்சம்வேர் தாக்குதல். அதை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைப்பட்டது. கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும்தான் அதில் அதிகம். கூட்டாளி நிறுவனம் ஒன்றின் ‘ஜென்கின்ஸ்’ சர்வர் வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள் என்றது கிளவுட்செக் நிறுவனத்தின் ஆய்வு. அது சுட்டிய ஓட்டைக்கான திருத்தம் அந்த ஜனவரியிலேயே வெளியாகியிருந்தது.

எனவே வந்திருப்பது எந்த வகை அப்டேட் என்று முதலில் பாருங்கள்.

பாதுகாப்புத் திருத்தம் என்றால் ஒரு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். திருடர்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் ஓட்டை என்று எச்சரிக்கை வந்தால், அன்றைக்கோ மறுநாளோ. இணையத்தோடு நேராக இணைந்த சர்வருக்கே முதலிடம்.

புதிய வசதிகளோடு வரும் பெரிய பதிப்பு என்றால் அவசரமில்லை. ஓரிரு மாதம் பொறுத்தால், மற்றவர்கள் சந்திக்கும் சிக்கல்கள் தெரிந்துவிடும். உங்கள் பில்லிங் மென்பொருள் அதில் ஓடுமா என்று அதைத் தந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் முதலில் பேக்கப். அதிலிருந்து கோப்புகள் திரும்ப வருகின்றனவா என்றும் சோதியுங்கள். பல கணினிகள் இருந்தால் ஒன்றில் போட்டு, ஒருநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஜிஎஸ்டி கணக்குக் கட்டும் 11, 20 தேதிகளை ஒட்டியோ, சம்பள நாளிலோ, சர்வீஸ்காரர் ஊரில் இல்லாதபோதோ வேண்டாம். மாதத்தில் ஒரு மாலையைக் குறித்துவைத்து, பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

இந்த வாரமே சர்வரில் என்ன விண்டோஸ் இருக்கிறது என்று பாருங்கள். சர்வர் 2012 என்றால், அதற்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2023 அக்டோபரோடு நின்றுவிட்டன. அதை மாற்றுவதற்கான செலவை இந்த வருட பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள்.