கையெழுத்து எங்களுக்கு மட்டும்தானா?

கல்லூரியில் சேர்ந்த வாரம் அரசு நல விடுதி ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. காப்பாளர் ஒரு தாளை நீட்டினார். இரவு எட்டரைக்குள் வர வேண்டும், சுவரில் எதுவும் ஒட்டக் கூடாது, நிர்வாகத்துக்கு எதிராகக் கூட்டம் சேரக் கூடாது. கீழே என் கையெழுத்து, அப்பாவின் கைநாட்டு. ஓர் அறையில் எட்டுப் பேர், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, தண்ணீர் வராத குழாய். இவற்றைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

சாப்பாடு சரியில்லை என்று சொன்ன நண்பனுக்குக் கிடைத்த பதில்: "உங்க வீட்டுல என்ன தினமும் விருந்தா?" விடுதியை உரிமையாக அல்ல, போட்ட பிச்சையாகப் பார்க்கும் சாதிப் புத்தி அது.

கணக்கைப் பாருங்கள். நல விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படி 2023-ல்தான் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயானது. அதாவது நாளொன்றுக்கு மூன்று வேளைக்கும் சேர்த்து 50 ரூபாய். அந்த ஐம்பதாவது முழுதாகத் தட்டுக்கு வருகிறதா என்று கேட்டால் 'ஒழுங்கீனம்'.

விடுதி யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. அம்பேத்கர் 1924-ல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. சேரிப் பிள்ளைக்கு ஊருக்குள் தங்க இடமில்லை என்றால் பள்ளிக்கூடம் திறந்திருந்தும் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அதை அறிந்தவர்கள் எதிர்ப்பக்கமும் உண்டு. 2015-ல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் ரோகித் வெமுலா உள்ளிட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்களை விடுதியைவிட்டு வெளியேற்றியது. வளாகத்திலேயே கூடாரம் போட்டு, அதற்கு 'வெளிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அது சேரியைக் குறிக்கும் சொல். 2016 ஜனவரி 17 அன்று ரோகித்தை இழந்தோம். படித்த ஊர்விலக்கு அது.

"உரிமை பேசுகிறீர்களே, பொறுப்பு வேண்டாமா?" என்பார்கள். வேண்டும் தோழர்களே. முதலாண்டில் நானும் உட்சாதி விசாரித்துத்தான் பக்கத்துக் கட்டிலைத் தேர்ந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன். கையில் சாதிக் கயிறு கட்டாதிருப்பது, இளைய மாணவனை வேலை ஏவாதிருப்பது, கழிப்பறை கழுவ வருபவரை 'ஏய்' என்று அழைக்காதிருப்பது, பெண்கள் விடுதிக்கு மாலையிலேயே பூட்டுப் போடுவதைப் 'பாதுகாப்பு' என்று ஒப்புக்கொள்ளாதிருப்பது. இவைதாம் நம் பொறுப்புகள். வாய் மூடிக் கிடப்பது பொறுப்பல்ல, அடிமைத்தனம்.

2025-ல் தமிழ்நாட்டின் நல விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் சூட்டப்பட்டது. வரவேற்கிறேன். பெயர்ப்பலகை மாறியதுபோல் அந்தத் தாளும் மாறட்டும். ஒரு பக்கம் நம் கடமைகள், மறுபக்கம் நிர்வாகத்தின் கடமைகள்: தண்ணீர், தாழ்ப்பாள், தினமும் சுவரில் உணவுக் கணக்கு, கேள்வி கேட்க மாணவர் குழு. கீழே இரண்டு கையெழுத்து. அவர்கள் போட மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் எழுத நமக்கு ஒரு பேனா போதும்.