குப்பைத் தொட்டியில் ஒரு நோபல்

போன வாரம் பூஞ்சை பிடிச்ச தட்டு ஒண்ணைக் குப்பையில போட்டேன். உடனே ஞாபகம் வந்தவர்தான் இந்த வார ஆசாமி, பால் நர்ஸ்.

இங்கிலாந்துக்காரர். பிரெஞ்சுப் பரீட்சையில் ஆறு முறை ஃபெயிலானவர். 1970களில் எடின்பரோவில் ஈஸ்ட் செல் எப்போது இரண்டாகப் பிரிய முடிவெடுக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். முழுசா வளரும் முன்னாடியே பிரியும் குட்டிச் செல்கள் ஐம்பது சொச்சம் சிக்கின. எல்லாத்துலயும் பழுது ஒரே ஜீன்லதான்: வீ1. அது பிரேக்.

கடைசித் தட்டில் பூஞ்சை. வெள்ளிக்கிழமை வேற. தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டார். மனசு கேக்கல. ராத்திரி ஈரத்துல சைக்கிள் மிதிச்சு வந்து, தொட்டியிலிருந்து எடுத்துக் காப்பாத்தினார். அதில் மாறியிருந்தது வேற ஜீன், சிடிசி2. அது கெட்டால் பிரிவே நிற்கும் என்பது முன்பே தெரியும், இங்கோ அவசரப்படுத்தியது. நிறுத்தவும் முடுக்கவும் தெரிஞ்சா அதுதானே டிரைவர்!

1987ல் மெலனி லீயும் அவரும் சிடிசி2 பழுதான ஈஸ்ட்டுக்குள் மனித ஜீன்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று அந்த வேலையை அப்படியே செய்தது! ஈஸ்ட்டுக்கும் நமக்கும் ஒரே டிரைவர். 2001ல் ஹார்ட்வெல், ஹன்ட்டோடு நோபல்.

என் தட்டா? திரும்பிப் போய்ப் பார்த்தா தொட்டி காலி :-(